சேமித்த வெயிலும் மாசுற்ற மண்ணும்: வலிகாமத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மயிலிட்டிக் கரையிலே கருவாடு காயவிடும் பெண்கள் நன்கறிந்த உண்மை ஒன்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்கலாம். பொழுது சாய்ந்து கடற்காற்று குளிர்ந்த பின்னரும் மணலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கைவைத்தால் வெம்மை இருக்கும். பகலின் வெயிலை நிலம் வாங்கி வைத்து மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிறது. இப்பண்பைப் பெருமளவிலே பயன்படுத்தி, கோடையின் வெப்பத்தை நிலத்தடியில் இருத்தி மாரியில் மீட்டெடுப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்ட தொழில்நுட்பமாகும். அவ்வாறு இருத்தப்பட்ட வெப்பம் வீடுகளைச் சூடாக்குவதோடு நின்றுவிடாது, எண்ணெயும் இரசாயனங்களும் ஊறிய மண்ணைத் துப்புரவாக்கவும் துணைசெய்யுமா என்ற வினா கடந்த சில பத்தாண்டுகளிலே எழுந்துள்ளது. அவ்வினாவை நமது நிலத்துக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளன் ஒருவன் மண்ணின் வெப்பத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட மரபைப் படிப்பிப்பவன், அந்நிலம் நஞ்சேறிக் கிடக்கும்போது அதனை வெறும் பின்னணியாகக் கருதியிருத்தல் இயலாது என்பதற்கு மேல் இதற்குச் சமாதானம் வேண்டியதில்லை.

மயிலிட்டி வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. 1990ஆம் ஆண்டு அதன் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே மக்களிடம் மீண்டது. இருபத்தேழு ஆண்டுகள்! இவ்வாறு மீளும் காணிகள் கண்ணிவெடி அகற்றப்பட்டவை என்ற உறுதியோடு கையளிக்கப்படுகின்றன. அவ்வுறுதி வெடிபொருளைப் பற்றியதே அன்றி மண்ணிற் கசிந்திருக்கக்கூடிய எண்ணெயையோ உலோகத்தையோ பற்றியதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மயிலிட்டி மண் மாசுற்றது என்று கூறுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. அளந்து பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. அளந்து பார்த்த இடம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அது சுன்னாகம்.

சுன்னாகத்து அனல் மின்னிலையச் சூழலிலே கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த செய்தி 2013, 2014ஆம் ஆண்டுகளிலிருந்து பெரும் விவாதமாயிற்று. வீட்டுக் கிணறுகள் மூடப்பட்டன. பவுசரில் வந்த நீருக்காக மக்கள் வாளிகளோடு நின்றனர். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை முதலிய அமைப்புகளின் பரிசோதனை முடிவுகளும், வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்பட்டன. எந்த நீரைக் குடிக்கலாம் என்பதை எந்த விஞ்ஞானியிடம் கேட்பது என்று அறியாது மக்கள் தவித்தனர். இவ்வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்து, 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி தீர்ப்பு வழங்கப்பட்டது. நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்றும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்துக்கு உரியதே என்றும் நீதிமன்றம் கூறிற்று. முதலீட்டுச் சபையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தமது கடமையில் தவறியமையும் தீர்ப்பிலே சுட்டப்பட்டது. மக்களுக்கு ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்யும் தொகையாகவே அது விதிக்கப்பட்டது. தீர்ப்பின் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆயினும் பணம் கைமாறுவதாலே மண்ணிலிருந்து எண்ணெய் வெளியேறிவிடுவதில்லை.

எண்ணெய் நிலத்துள் எவ்வாறு தங்குகிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். நீரினும் இலேசான எண்ணெய், மேல்மண்ணினூடாக இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் மிதக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி ஆண்டு முழுவதும் கிணறுகளுக்கு நீர் தருகிறது. மாரியில் நீர்மட்டம் ஏறும், கோடையில் இறங்கும். மிதக்கும் எண்ணெயும் அதனோடு ஏறி இறங்கி, இடைப்பட்ட மண்ணிலும் கல்லிலும் பூசப்பட்டுவிடுகிறது. சுவரிலே தூரிகை மேலுங் கீழும் ஓடுவதைப் போன்றது இது. இவ்வாறு பூசப்பட்ட படையிலிருந்து ஒவ்வொரு மாரியும் சிறிது சிறிதாக எண்ணெய்க் கூறுகளைக் கழுவி நீரிற் சேர்க்கிறது. கிணற்றை இறைத்து விட்டால் துப்புரவாகிவிடும் என்ற எண்ணம் இதனாலேயே பொய்த்துப்போகிறது. நோய் கிணற்றில் இல்லை. கிணற்றைச் சூழ்ந்த மண்ணில் உள்ளது.

வெப்பம் இங்கே என்ன செய்யும்? மூன்று நிலைகளைப் பிரித்துணர்தல் அவசியமாகும். முந்நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலே மிகக் கொடிய நஞ்சுகளும் மண்ணைவிட்டு ஆவியாகி வெளியேறுகின்றன. வியட்நாமின் டா நாங் விமானத் தளத்தில் இம்முறையே கையாளப்பட்டது. 1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படைகள் தெளித்த இலையுதிர் நஞ்சின் எச்சமான டையொட்சினைப் போக்க, அங்கு மண்ணைப் பெருங்குவியலாக அடைத்து 335 பாகை வரை சூடேற்றினர். 2012இல் தொடங்கி 2018இல் முடிவுற்ற அவ்வேலையில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் கனமீற்றர் மண் இவ்வாறு பதப்படுத்தப்பட்டது; செலவு பத்துக் கோடி அமெரிக்க டொலரைத் தாண்டிற்று. நஞ்சு தெளித்து முடித்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அதற்குப் பொறுப்பான அரசு அம்மண்ணைக் கிளற முன்வந்தது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். தமிழகத்திலே, 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மண்ணுக்கும் கழுவுதலோடு உயர்வெப்பமூட்டலே பரிந்துரைக்கப்பட்டது. பாதரசம் கொதிப்பது 357 பாகையிலாகும். இத்தகைய வேலைக்கு நிலத்தடியில் இருத்திய வெயில் போதாது. மின்சாரமோ எரிபொருளோ வேண்டும்.

நூறு பாகையை அண்டிய இரண்டாம் நிலையிலே நீராவி இலேசான எண்ணெய்க் கூறுகளைத் தன்னோடு இழுத்துச் செல்லும். அதையும் விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது மூன்றாவது நிலை. முப்பது முதல் நாற்பது பாகை வரையிலான இளஞ்சூடு. மண்ணில் இயல்பாக வாழும் நுண்ணங்கிகள் பல, எண்ணெயின் ஐதரோகாபன்களை உணவாகக் கொண்டு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்ற வல்லன. ஓர் எல்லைவரை வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் இவ்வேலையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது உயிரியலாளர் கொள்ளும் பொது விதி. அமெரிக்காவின் கொலராடோ அரச பல்கலைக்கழகத்தினர் எண்ணெய் தேங்கிய மண்ணை மிதமாகச் சூடேற்றி இதனை ஆராய்ந்துள்ளனர். சூரிய ஏற்பிகளிற் பெற்ற வெப்பத்தை மூடிய குழாய்கள் வழியாக நிலத்துட் செலுத்தும் முறையும் அங்கே களத்தில் முயலப்பட்டுள்ளது.

ஒல்லாந்தின் அனுபவம் இவற்றிலும் சுவையானது. அந்நாட்டிலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடத் தொகுதிகள் கோடையின் வெப்பத்தையும் மாரியின் குளிரையும் நிலத்தடி நீரிலே இருத்தி மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. ஆனால் பழைய தொழில் நகரங்களின் அடியிலே சலவைக் கடைகளும் உலோகப் பட்டறைகளும் விட்டுச்சென்ற குளோரீன் சேர்ந்த கரைப்பான்கள் பரவிக் கிடந்தன. வெப்பத்துக்காக நீரை இறைத்தால் நஞ்சும் பரவும் என்பதால் இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று தடுத்தன. யூத்ரெக்ற் நகரின் மத்திய புகையிரத நிலையப் பகுதியில் இம்முரண்பாட்டையே தீர்வாக மாற்ற முயன்றனர். தனித்தனி மாசுத் திட்டுகளைத் தேடி அலையாது, நகரத்தின் அடிநிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, இறைத்தலும் செலுத்தலும் நீரைக் கலக்கி நுண்ணங்கிகளுக்கு உதவட்டும் என விட்டனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உயிரியற் சலவை இயந்திரம் என்பதாகும். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடச் சோதனைகளும், பத்துப் பாகை அளவிலே குளிர்ந்து கிடக்கும் அந்நாட்டு நிலத்தடி நீர் சூடேறும்போது கரைப்பான்களின் சிதைவு விரைவுபடுவதைக் காட்டின.

இங்கே ஒரு பொருளாதார உண்மை மறைந்து கிடக்கிறது. யூத்ரெக்றில் மண் துப்புரவானது தனக்காக அன்று. நிலைய வட்டாரத்தின் காணி விலை உயர்ந்தது. அங்கு அலுவலகங்களும் கடைகளும் எழ வேண்டியிருந்தது. அவற்றுக்கு வெப்பமும் குளிரும் தேவைப்பட்டன. நில வாடகையின் தோளில் ஏறியே துப்புரவு பயணஞ் செய்தது. மூலதனம் முதலாம் பாகத்தில் மாட்சு, லீபிக்கின் விவசாய இரசாயனத்தைத் துணைக்கொண்டு, மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தை முதலாளித்துவ உற்பத்தி குலைக்கிறது என விளக்கினார். குலைந்த அப்பரிமாற்றத்தைச் சீர்செய்வதும் இலாபத்தின் வழியே மட்டும் நிகழுமாயின், சீர்செய்யப்படும் நிலம் எது, கைவிடப்படும் நிலம் எது என்பதைச் சந்தை தீர்மானிக்கும். சுன்னாகத்து வெங்காயத் தோட்டத்துக்கு யூத்ரெக்றின் விலை இல்லை. ஆகவே ஒல்லாந்து முறை நமக்கு வராது என்பதற்கு முதற்காரணம் பொறியியல் அன்று.

பொறியியற் காரணங்களும் உண்டு. அவற்றை நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் பொருட்படுத்துவதில்லை. புதிய தொழில்நுட்பம் என்றதும் அதனை ஏகாதிபத்தியச் சரக்கென ஒதுக்குவோரும், சூரியனின் பெயர் கேட்டவுடனே மெய்மறப்போரும் என இரு சாரார் நம்மிடையே உளர். இருவரும் சுண்ணாம்புக்கல்லைப் பார்ப்பதில்லை.

வலிகாமத்தின் அடிநிலம் ஒல்லாந்தின் மணற்படை போன்றதன்று. மணலிலே நீர் மெதுவாக ஊரும். அங்கே இருத்திய வெப்பம் அங்கேயே நிற்கும். நமது கல்லோ வெடிப்பும் குகையுமானது. புத்தூர் நிலாவரையும் கீரிமலை ஊற்றும் அதன் வெளிப்படையான வாய்கள். அதனுட் செலுத்தப்படும் வெப்பம் எவ்வழியே எவ்வளவு விரைவாகக் கடலை நோக்கிச் செல்லும் என்று முன்கூட்டிச் சொல்லுதல் அரிது. சூடேறிய எண்ணெய் இளகி எளிதில் ஓடும் என்பது அதனினும் பெரிய இடர். இன்று மண்துகள்களைப் பற்றிக்கொண்டு அசையாதிருக்கும் கனத்த எண்ணெய், இளகியபின் வெடிப்பொன்றைக் கண்டால் மறு தோட்டத்துக் கிணற்றிலே தோன்றக்கூடும். நன்னீர்ப் படையோ கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது பழைய கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். இறைத்துச் சூடாக்கித் திரும்பச் செலுத்தும் முறைகள் இங்கே கைவைக்கத் தகாதவை என்பதே எனது கருத்து.

வெப்பத்தை இருத்துவதற்கு உப்புக்குளம் என்றொரு வழியும் உண்டு. அடியில் செறிந்த உப்புநீரும் மேலே நன்னீரும் இருக்குமாறு அமைத்தால் அடிநீர் மேலெழ மாட்டாது வெயிலின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். குசராத்தின் பூச் நகரிலே 6,000 சதுர மீற்றர் பரப்புள்ள இத்தகைய குளம் ஒன்று, 1993 முதல் சில காலம் பாற்பண்ணைக்கு வெந்நீர் வழங்கிற்று. உப்பளம் அறிந்த நமது குடாநாட்டுக்கு இது பொருத்தம் என்று தோன்றும். ஆனால் குளத்தின் அடித்தாள் கிழிந்தால் செறிந்த உப்புநீர் நேரே நன்னீர் வில்லையில் இறங்கும். சுண்ணாம்புக்கல்லின்மேல் அதனை அமைப்பது ஒரு நோயைத் தீர்க்க மற்றொன்றை வரவழைப்பதாகும்.

அங்ஙனமாயின் எஞ்சுவது யாது? மாசுற்ற மேல்மண்ணைத் தோண்டியெடுத்து, நீர்புகாத தாளின்மேல் குவித்து, அங்கேயே நுண்ணங்கிகளை வேலைசெய்ய விடுவது. செம்பாட்டு மண் கல்லின்மேல் போர்வையாகக் கிடக்கிறது. எண்ணெயின் ஒரு பகுதி கல்லைச் சேருமுன் அப்போர்வையிலே தங்குகிறது. குவியலினுள்ளே துளையிட்ட குழாய்கள் காற்றைக் கொண்டுசெல்லும். மூடிய குழாய்கள் வெந்நீரைக் கொண்டு சுற்றும். கூரை ஏற்பியில் பகலிற் சூடேறிய நீர், காப்பிட்ட தொட்டியிலே தங்கி இரவிற் குவியலைச் சுற்றும். இங்கே நாம் இருத்த வேண்டியது பருவத்தின் வெப்பத்தை அன்று. பகலின் வெப்பத்தை மட்டுமே. கனடாவின் ஒக்கொரொக்ஸ் நகரிலே 52 வீடுகளுக்காக 144 துளைகளில் கோடை வெப்பத்தை இருத்தினர். 2007இல் இயங்கத் தொடங்கிப் பெரும் புகழ் பெற்ற அத்திட்டமும், உறுப்புகள் தேய்ந்து பராமரிப்புக் கடினமானதால் 2024 முதல் கைவிடப்படலாயிற்று. ஓர் இரவைக் கடத்துவதற்கு அத்தகைய பெருமுயற்சி வேண்டியதில்லை. நமது கோடையிலே வெயிலும் மிகுதி, நீர்மட்டமும் தாழ்வு. தோண்டுவதற்கும் சூடேற்றுவதற்கும் உகந்த காலம் ஒன்றாகவே வாய்க்கிறது.

சிறு கணக்கொன்று பார்க்கலாம். ஈரமண் ஒரு கனமீற்றரைப் பத்துப் பாகை உயர்த்த ஏறத்தாழ ஏழு அலகு சக்தி வேண்டும். மின்பட்டியலில் நாம் காணும் அதே அலகுதான். குடாநாட்டில் ஒரு சதுர மீற்றர் நிலத்திலே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து அலகு வெயில் விழுகிறது. அதிற் பாதியை ஏற்பி பிடிக்கும் எனக் கொண்டால் இரண்டரை அலகு. இருநூறு கனமீற்றர்க் குவியலுக்கு 1,400 அலகு வேண்டும். முப்பது சதுர மீற்றர் ஏற்பி நாளொன்றுக்கு 75 அலகு தந்தால் பத்தொன்பது நாளிற் குவியல் சூடேறும். இழப்பெல்லாம் சேர்த்து இருமடங்கு காலம் என்றாலும் நாற்பது நாளுக்கு மிகாது. இந்தச் சூட்டைப் பேணுவதற்குத் தொடர்ந்தும் வெப்பம் வேண்டும் என்பது உண்மையே. குவியலைக் கறுப்புத் தாளாலும் வைக்கோலாலும் மூடுவது அவ்விழப்பைக் குறைக்கும்.

ஆனால் இதனால் வரும் நன்மையை மிகைப்படுத்தலாகாது. ஒல்லாந்து நீர் பத்துப் பாகையிற் கிடக்க, நமது நிலத்தடி நீர் இருபத்தெட்டு, முப்பது பாகையில் இருக்கிறது. அவர்கள் பணங்கொடுத்து வாங்கும் வெப்பநிலையை நாம் பிறப்பிலேயே பெற்றுள்ளோம். முப்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஏற்றுவதால் வேகம் இருமடங்கை நெருங்கலாம். ஆறு மாத வேலை மூன்று, நான்கு மாதத்தில் முடியலாம். இலேசான டீசலுக்கு இது அவ்வளவு இன்றியமையாததன்று. மின்னிலையக் கழிவிலே வரும் கனத்த எண்ணெய்க்கும் மசகெண்ணெய்க்குமே வெப்பம் பெரிதும் உதவும். இளகினாலன்றி நுண்ணங்கிகளால் அவற்றை அணுக முடிவதில்லை. தாளின்மேல் குவித்த மண்ணில் இளகல் இடரன்று என்பதையும் நோக்குக. மறுபுறத்திலே, சூடேறிய நீர் ஒட்சிசனைக் குறைவாகவே கரைத்து வைத்திருக்கும். முப்பது பாகையில் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம். நாற்பதில் ஆறரைக்கும் குறைவு. ஆகவே சூட்டோடு காற்றையும் கூட்டாவிட்டால் நுண்ணங்கிகள் மூச்சடைத்து நிற்கும்.

உரத்தைப் பற்றியும் ஒரு சொல். எண்ணெயிலே காபன் உண்டு, நைதரசன் இல்லை. நுண்ணங்கிகள் பெருக, நூறு பங்கு காபனுக்குப் பத்துப் பங்கு நைதரசனும் ஒரு பங்கு பொசுபரசும் வேண்டும் என்பர். மாட்டெருவும் யூரியாவும் இதற்குப் போதும். ஆனால் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல, மிகையான உரத்தாலே நைத்திரேற்று ஏறித் தவிப்பவை. எண்ணெயைப் போக்கும் குவியலிலிருந்து நைத்திரேற்று கசிந்து கிணற்றைச் சேருமானால் அது நகைப்புக்கிடமாகும். குவியலின் கசிவுநீர் முழுவதையும் வாய்க்காலிற் பிடித்து மீண்டும் குவியலுக்கே ஊற்றுதல் வேண்டும். மாரி தொடங்குமுன் வேலை முடிவது இதனாலும் அவசியமாகிறது.

இவ்வளவும் செய்தாலும் கல்லின் வெடிப்பிலே சென்று படிந்த எண்ணெய் அங்கேயே இருக்கும். அதனைக் காலமும் இயற்கையின் நுண்ணங்கிகளுமே கரைக்க வேண்டும்; அதுவரை அக்கிணறுகளை ஒழுங்காகப் பரிசோதித்து, முடிவுகளைக் கிணற்றுச் சொந்தக்காரருக்குத் தமிழிலே எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் அருகருகே உள்ளன. இரண்டு குவியல்கள் போதும். ஒரே மண், ஒரே எரு, ஒரே காற்று. ஒன்றுக்கு மட்டும் சேமித்த வெயில். மாதந்தோறும் இரண்டிலிருந்தும் மண்ணெடுத்து எஞ்சிய எண்ணெயை அளந்தால், முப்பது பாகை மண்ணுக்கு மேலதிகச் சூடு வேண்டுமா என்பது ஒரு கோடையிலேயே தெரிந்துவிடும். வேண்டாம் என்று தெரிந்தாலும் அது பயனுள்ள விடையே. ஏற்பிக்குச் செலவாகும் பணத்திலே இன்னும் பல குவியல்களை அமைக்கலாம். இதற்கிடையில் மயிலிட்டித் துறையிலே இயந்திரப் படகுகளின் எரிந்த எண்ணெயைச் சேர்ப்பதற்குப் பீப்பாய்கள் வைத்து, அவை நிரம்பும்போது எடுத்துச் செல்ல ஓர் ஒழுங்கையும் மீனவர் சங்கங்களோடு பேசிச் செய்யலாம். அதற்கு எந்த ஆய்வின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.